ஒரு சத்தியமும் 40,000 ரூபாயும்

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பீஸ்டெக்கின் ஏழு கோட்பாடுகளை ஒப்பித்துவிடுவார்கள். அமெரிக்காவில் பாதிரியாராகவும் பேராசிரியராகவும் இருந்த அவர் 1957இல் எழுதியதை இன்றைக்கும் நம் கல்லூரிகளில் மனப்பாடம் செய்கிறோம். ரகசியம் காப்பது, குற்றம் சொல்லாமல் கேட்பது, அவரவர் முடிவை அவரவரே எடுக்க விடுவது, உணர்ச்சியில் ஓர் அளவோடு நிற்பது என்று போகும் அந்தப் பட்டியல். வாய்மொழித் தேர்வில் அந்த ஏழு கோட்பாடுகளையும் மூச்சு விடாமல் சொன்னவள் நான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் முடிவதற்குள் அதில் ஒன்றைத் தப்பாகப் பிடித்துக்கொண்டேன், இன்னொன்றைச் சுத்தமாகக் கோட்டை விட்டேன். கையில் இருந்த நகை போனது, வேலை போனது. அதைவிடப் பெரிதாக ஒன்று போனது, அதைப் பிறகு சொல்கிறேன். புதிதாக ஃபீல்டுக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு அப்போது இதை யாரும் சொல்லவில்லை.

நான் காப்பாற்றப் போன பதினாறு வயதுப் பெண்ணுக்கு இங்கே ஒரு புனைபெயர்கூட வைக்கப்போவதில்லை. ஊரையும் சொல்லப்போவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் மல்லிகை விளைகிற பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சில விவரங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், ஒரு முறை ஜாக்கிரதையாக இல்லாமல் போனேன்.

2022 ஜூனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். சம்பளம் 14,000. பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பதும், நிற்கப்போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவதும் வேலை. பதினொரு ஊர், ஒரு பழைய ஸ்கூட்டி. அந்த வீட்டுக்கு முதல் முறை போனபோது அம்மா அப்போதுதான் பூ எடுத்துவிட்டு வந்திருந்தார். விடியுமுன்னே தோட்டத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் எடுத்து முடிக்க வேண்டும், எடுத்த கிலோவுக்குத்தான் கூலி. கணவர் இறந்து இரண்டு வருடம். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் அம்மாவோடு பூ எடுக்கப் போகிறாள் என்று டீச்சர் சொல்லித்தான் போயிருந்தேன். முதல் நாள் என்னை "மேடம்" என்றார் அந்த அம்மா. மூன்றாவது தடவை போனபோது "வா பாப்பா, சாப்புட்டியா" என்றார். எனக்கு அன்று கால் தரையில் படவில்லை. நல்லுறவு வந்துவிட்டது என்று நோட்டில்கூட எழுதி வைத்தேன். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன் என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஆடிப் பெருக்கு முடிந்து இரண்டு நாள் இருக்கும். பள்ளி விட்டு வந்தவள் என் வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒன்னு சொல்லணும். ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி சொல்ல மாட்டேன்." யோசிக்கவே இல்லை. அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அம்மாவின் சொந்தத் தம்பிக்கு, 28 வயது தாய்மாமனுக்கு, இவளைக் கட்டி வைப்பதாகப் பேச்சு முடிந்து பூவும் வைத்துவிட்டார்கள். தையில் கல்யாணம். அவளுக்கு இஷ்டமில்லை. அம்மாவிடம் சொன்னால், "உங்கப்பனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு பண்ணவன் அவன்தாண்டி" என்று அழுகிறாராம்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ரகசியம் காப்பது என்று பாடத்தில் படித்ததற்கும், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொள்ள நமக்கு உரிமையே கிடையாது. பாலியல் குற்றமாக இருந்தால், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் சொல்லாதவர் மீதே வழக்குப் போட முடியும். இது கல்யாணப் பேச்சுதானே என்று நான் நினைத்தேன். ஆனால் 2015 இளைஞர் நீதிச் சட்டம், திருமணம் செய்து வைக்கப்படும் ஆபத்தில் இருக்கிற குழந்தையையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் ஒரு பிள்ளை சத்தியம் கேட்டால் நான் சொல்வது இதுதான்: "நீ சொல்றத ஊருல போயி பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, காப்பாத்தக்கூடிய ஆள்கிட்ட மட்டும் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு மொதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போன பிள்ளைகள் இரண்டு பேர் உண்டு. அதில் ஒருத்தி மறுவாரம் தானே வந்தாள். இன்னொருத்தி வரவில்லை. அந்த உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் பொய்ச் சத்தியத்துக்கு இது மேல்.

கதைக்கு வருகிறேன். தை வரைக்கும் ஐந்து மாதம் இருக்கிறதே, நாமே பேசிச் சரிபண்ணிவிடலாம் என்று இறங்கினேன். ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லவில்லை, சத்தியம் இருக்கிறதே. கேஸ் ஷீட்டில் எழுதவில்லை, யாராவது படித்துவிட்டால்? அம்மாவிடம் சுற்றி வளைத்துப் பேசியதில் தம்பிக்குத் தர வேண்டிய கடன் 40,000 என்று தெரிந்தது. அதைக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்குத் தம்பியிடம் இருக்கிற கட்டாயம் போய்விடும், கல்யாணமும் தானாக நின்றுவிடும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். கணக்கு எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! மறுநாளே என் இரண்டு பவுன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து, இரண்டு வட்டிக்கு 40,000 வாங்கி, அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். சாட்சி இல்லை, சீட்டு இல்லை. "என் வயித்துல பொறக்காத மக நீ" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வீட்டில் சங்கிலியைக் கேட்ட என் அம்மாவிடம் கொக்கி விட்டுப்போய் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். ஊருக்கு நியாயம் சொல்லப் போனவள் வீட்டில் சொன்ன முதல் பொய் அது.

பணம் அந்தத் தம்பியின் கைக்குப் போனதும் நடந்ததுதான் நான் கனவிலும் நினைக்காதது. "அக்கா பணத்தத் திருப்பிக் குடுக்குதுன்னா, பொண்ணு இல்லைன்னுதான அர்த்தம்? யாரு குடுத்தா?" என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்தத்துக்குள் பேச்சு கிளம்பியது. நாலு பெரியவர்கள் கூடி, தையில் வைத்த கல்யாணத்தை ஆவணிக்கு இழுத்துவிட்டார்கள். அதாவது ஐந்து மாத அவகாசத்தை இரண்டு வாரமாகச் சுருக்கியது என் பணம். இதை இன்றைக்கு எழுதும்போதும் கை ஓடவில்லை.

சொந்தக் காசு கொடுக்காதே என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். கொடுத்தால் திரும்பி வராது என்பதல்ல காரணம். கொடுத்த நிமிடத்திலிருந்து அந்தக் குடும்பம் உங்களிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் போகிறது. ஆவணிக்குத் தேதி வைத்ததை அந்த அம்மா என்னிடம் மறைத்தார். பணம் கொடுத்த பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வார்? போன் பண்ணினால் எடுக்கவில்லை, வீட்டுக்குப் போனால் பூட்டு. இன்னொன்றும் இருக்கிறது. அப்பா இல்லாத, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளை படிப்பைத் தொடர ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000க்குள் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அந்த வீட்டுக்கு அது அப்படியே பொருந்தும். எனக்கு அது தெரியவே தெரியாது. தெரியாததை ஈடுகட்டச் சங்கிலியைக் கழற்றினேன். உங்கள் மாவட்டத்தில் என்னென்ன திட்டம், யார் அதிகாரி, என்ன சான்றிதழ் வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் கையில் இருக்க வேண்டியது அந்த நோட்டுதான்.

சத்தியம் பண்ணின பத்தொன்பதாவது நாள் இரவு. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலை ஐந்தரைக்குப் பார்த்தால் யாரோ தெரியாத எண்ணிலிருந்து ஆறு மிஸ்டு கால், எல்லாம் பதினொன்றரைக்கு மேல். திருப்பி அடித்தால் ஓர் ஆள், "ராத்திரி ஒரு பொண்ணு பேசணும்னு போன வாங்குச்சு" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் சொந்த எண்ணைக் கொடுத்து "எப்ப வேணாலும் கூப்பிடு" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். எப்ப வேணாலும் எடுக்க ஒரு மனுஷியால் முடியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், இருபத்துநாலு மணி நேரமும் எடுக்க அங்கே ஆள் இருந்திருக்கும். நான் மட்டுமே காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்ததால்தான் அந்த எண்ணை அவளுக்குச் சொல்லாமல் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆறு மணிக்கு 1098க்கு நானே அடித்தேன். ஊர், வயது, பள்ளி என்று கேட்டார்கள். கல்யாணம் மறுநாள் விடிகாலை என்பதே மதியம் அதிகாரிகள் ஊருக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் தடுப்பு அலுவலர். அவர் தரப்பு ஆட்களும் போலீஸும் போய்ப் பந்தலில் வைத்துப் பேசினார்கள். நடத்தினவர், நடத்தத் துணைபோனவர் எல்லோருக்கும் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்றதும் பெரியவர்கள் பின்வாங்கினார்கள். எழுதி வாங்கிக்கொண்டு, பெண்ணை, பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த அழைத்துப் போனார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்தாள். "சத்தியம் பண்ணீங்கல்லக்கா" என்றாள். கோபமாகக்கூட இல்லை. பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தங்க வைக்கும் வரவேற்பு இல்லத்தில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். முன்னே "பெரியதாகப் போனது" என்று சொன்னது அதைத்தான். அன்றைக்குப் போன நம்பிக்கை. ஒழுங்கான வழியில் முதல் நாளே போயிருந்தால் அவள் ஜீப்பில் ஏறியிருக்கவே வேண்டியதில்லை. அம்மாவை உட்கார வைத்து அதிகாரிகள் நிதானமாகப் பேச நாள் இருந்தது. இல்லையென்றால் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியிருக்கலாம். அந்த ஆணையை மீறி நடக்கும் குழந்தைத் திருமணம் செல்லவே செல்லாது.

நலக் குழுவில் என்னையும் கூப்பிட்டார்கள். "உங்களுக்கு எப்பம்மா தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. முந்தின நாள் எங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் தெரியும்னு ஷீட்ட எழுதிரு. நிறுவனத்துக்குக் கெட்ட பேர் வேண்டாம், உனக்கும் நல்லதில்ல" என்று சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி பழைய தேதி போட்டு இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். மை வித்தியாசமாகத் தெரியக் கூடாதென்று பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். காலையில் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, கிழித்துப் போட்டேன். குழுவில் பத்தொன்பது நாள் என்றே சொன்னேன். பணத்தையும் சொன்னேன். ஓர் உறுப்பினர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ கெட்டவ இல்ல. ஆனா இது உன் வீட்டு வேலை இல்லம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. ஜூலையில் திட்ட அறிக்கைக்காக அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை நான்தான் படம் எடுத்திருந்தேன். அம்மாவிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. "எங்க பாப்பா போடணும்?" என்று கேட்டார், நான் விரலால் இடத்தைக் காட்டினேன். ஒப்புதல் என்று நாங்கள் சொல்வது பல நேரம் இவ்வளவுதான். அந்தப் படத்தை முகத்தை மட்டும் மங்கலாக்கி, குழந்தைத் திருமணத்தைத் தடுத்துவிட்டோம் என்று நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் பள்ளிச் சீருடை தெரிந்தது, திண்ணை தெரிந்தது, பின்னால் கோயில் வளைவு தெரிந்தது. அந்த ஊர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பெயரோ முகவரியோ பள்ளியோ, அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். நான் கெஞ்சி எடுக்கச் சொல்லி, நாலு நாள் கழித்து எடுத்தார்கள். அதற்குள் அது அந்த ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டது. பெண்ணை விற்கப் பார்த்தார்கள் என்றும், எனக்குத் தலைக்கு இவ்வளவு கமிஷன் என்றும் பேசினார்கள். 40,000 கொடுத்த கதையும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பணத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால் மறுக்கவும் வழியில்லை. அந்த வீட்டுக்கு நான் கடைசியாகப் போனபோது அந்த அம்மா வாசலிலேயே நின்று, "இன்னும் என்ன மேடம் வேணும்?" என்றார்.

அடுத்த மாதமே எனக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. திட்டத்தில் இடம் குறைந்துவிட்டது என்றார்கள். அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று, அதில் சம்பளக் கணக்கில் 70,000 போச்சு. அடகை மீட்கப் பதினாலு மாதம். மாதம் 800 வட்டி, மொத்தம் 11,200. எங்கள் அம்மாவுக்கு நாலாம் மாதமே உண்மை தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் வளையலை எடுத்து நீட்டினார், நான் வாங்கவில்லை.

இப்போது வேறோர் இடத்தில் வேலை. இங்கே சூப்பர்வைசர் அக்கா ஒருவர் இருக்கிறார், வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் எங்கள் ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருவார். "இந்த வாரம் யாரப் பார்த்து ரொம்பப் பாவப்பட்ட?" என்றுதான் ஆரம்பிப்பார். எண்ணிக்கையைக் கடைசியில்தான் கேட்பார். வேலைக்குச் சேரும்போது சம்பளம், பெட்ரோல் அலவன்ஸ் எல்லாம் கேட்கிறோம். சூப்பர்வைசர் யார், எத்தனை நாளுக்கொரு முறை உட்காருவார் என்று கேளுங்கள். அதற்கு மழுப்பினால் யோசியுங்கள். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல், நம்மைப் போலக் களத்தில் இருக்கிற சமூகப் பணியாளர்களுக்குப் பதிவு செய்து உரிமம் கொடுக்கவோ, தப்பு செய்தால் கூப்பிட்டுக் கேட்கவோ இந்தியாவில் சட்டப்படி ஒரு கவுன்சில் கிடையாது. 1936இல் மும்பையில் டாடா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது, 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளி வந்தது, இத்தனை வருடமாகியும் நிலைமை இதுதான். அதனால் நம்மைப் பிடித்து நிறுத்த அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. பழக்கமாக்கிக்கொண்ட இன்னும் இரண்டு விஷயம்: வீட்டுக்குப் போய் வந்த அன்றே, தூங்குமுன், பார்த்ததைத் தனியாகவும் நான் நினைத்ததைத் தனியாகவும் எழுதிவிடுகிறேன். வேலைக்கென்று தனி எண் வைத்திருக்கிறேன், இரவு எட்டு மணிக்கு மேல் அடித்தால் 1098ஐயும் பெண்கள் உதவி எண்ணான 181ஐயும் சொல்கிற பதிவு ஓடும். யாராவது மேடம் என்பதை விட்டு அக்கா, பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தால் இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாரம் சூப்பர்வைசர் அக்காவிடம் அதைச் சொல்லிவிடுவேன்.

அவள் பிளஸ் டூ முடித்தாள். பாதுகாப்பு அலகுக்காரர்கள் போட்ட விண்ணப்பத்தில் 18 வயது வரை நிதி ஆதரவு வந்தது. 2024இல் கல்லூரியில் சேர்ந்தாள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது என்று அவளுடைய பழைய டீச்சர் சொன்னார். என்னோடு அவள் பேசியதில்லை.

ஆனால் போன வருடத்திலிருந்து அவ்வப்போது என் போனுக்கு 500 ரூபாய் வருகிறது. அனுப்புகிறவர் பெயரில் அந்த அம்மா. ஒரு வார்த்தையும் இருக்காது. முந்தாநாள் வரை பதின்மூன்று தடவை, 6,500 ரூபாய். திருப்பி அனுப்பினால் அவமானப்படுவாரோ, வைத்துக்கொண்டால் பூ எடுத்த கூலியை வாங்குகிறேனோ என்று முதல் தடவை இரண்டு நாள் தூங்கவில்லை. சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டேன். அவருக்கும் உடனே பதில் வரவில்லை. "எனக்கும் தெரியல. தேதி போட்டு எழுதி வை, அடுத்த வாரம் பேசுவோம்" என்றார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று மறுபடி 500 வந்தது. பதினான்காவது என்று எழுதி வைத்திருக்கிறேன்.